கருப்பட்டி என்றோர் அருகலை

எங்கள் ஊரில் இரண்டு பேர் சந்தித்துக்கொண்டால் முதலில் மழையைப் பற்றிப் பேசுவது வழக்கம். குருவிகுளம் கரிசல் பூமி. வானம் பார்த்த நிலம். பருத்தியும் உளுந்தும் மக்காச்சோளமும் ஐப்பசி, கார்த்திகை மழையை நம்பி விதைக்கப்படுகின்றன. அண்மைக் காலமாக அந்தப் பேச்சில் மழைக்கு அடுத்தபடியாக இன்னொன்றும் இடம்பிடித்திருக்கிறது. "நெட்டு வருதா?" என்பதே அது. 'இருக்கிறதா' என்று எவரும் கேட்பதில்லை. 'வருகிறதா' என்றுதான் கேட்கிறார்கள். மழையைப் போலவே அதுவும் எங்கோ தொலைவில் கருக்கொண்டு, வழியில் யாராலோ மறிக்கப்பட்டு, மிஞ்சியது நம் முற்றத்தில் விழுவதாக ஒரு நம்பிக்கை. வராத நாளில் வைவதற்கும் ஆள் உண்டு. மழைக்கு வருணன். இதற்கு, கம்பத்தில் ஏறி இழை இழுக்கும் பையன்.

ஊரைப் பற்றி இரண்டு வரி. கோவில்பட்டிக்கும் சங்கரன்கோவிலுக்கும் இடையில், கழுகுமலைக்குப் பக்கத்தில் இருக்கிறோம். பழைய ஜமீன் ஊர். ஊராட்சி ஒன்றியத்தின் தலைமையிடம். 2019 நவம்பரில் தென்காசி மாவட்டம் பிரிந்தபோது நாங்களும் திருநெல்வேலியிலிருந்து பிரிந்து அதில் சேர்ந்தோம். கரிசல் சொற்களுக்கு அகராதி கண்ட கி.ரா. பிறந்த இடைசெவல் எங்களுக்கு அதிகத் தொலைவில்லை. அந்தச் சொற்களோடு வளர்ந்தவர்களாகிய நாங்கள் இருவரும் பள்ளி ஆசிரியர்களாக இருந்து ஓய்வு பெற்றோம். ஒருவர் அறிவியல், மற்றவர் தமிழ். ஆகவே ரவுட்டர் என்னும் பெட்டி பழுதுபட்டால் எங்கள் வீட்டில் இரண்டு விவாதங்கள் நடக்கும். அது ஏன் பழுதுபட்டது என்பது ஒன்று. அதைத் 'திசைவி' என்று சொல்லலாமா என்பது மற்றொன்று. வைஃபைக்கு 'அருகலை' என்று யாரோ இட்ட பெயரில் மட்டும் இருவருக்கும் மாறுபாடில்லை. அருகில் அலைவது, அருகே வரும் அலை. நல்ல பெயர். (ஆங்கிலப் பெயருக்கு அப்படி எந்தப் பொருளும் கிடையாது. 1999-இல் வணிகப் பெயர்களை உருவாக்கித் தரும் ஒரு நிறுவனத்திடம் பணம் கொடுத்து வாங்கிய ஒலி அது.)

நிற்க. சென்ற பங்குனியில் எங்கள் தாயார் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டார். வயது 86. அறுவை முடிந்து வீடு திரும்பியபின், பேத்தி கையால்தான் கஞ்சி குடிப்பேன் என்று பிடிவாதம். பேத்தி, அதாவது எங்கள் மகள், சென்னையில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் இருக்கிறாள். வீட்டிலிருந்தே வேலை செய்ய இசைவு பெற்று ஊருக்கு வந்தாள். ஆச்சியின் அறையில், கட்டிலுக்குப் பக்கத்தில் மேசையைப் போட்டுக்கொண்டாள். பகலில் ஒருவாறு ஓடியது. மாலை ஆறு மணிக்கு மேல், அவளுடைய கூட்டங்கள் தொடங்கும் வேளையில், திரையில் முகங்கள் உறைந்து நிற்கும். இவள் பேசுவது அவர்களுக்குக் கிணற்றுக்குள்ளிருந்து கேட்கும். பிறகு அதுவும் கேட்காது. ஆனி மாதத்தில் அவளுக்கு ஒரு மின்னஞ்சல் வந்தது. மிகவும் மரியாதையான மொழி. இம்மாத இறுதிக்குள் இணைப்பைச் சீர்செய்துகொள்ளவும், இயலாதெனில் அடுத்த மாதம் முதல் தேதியன்று அலுவலகத்திற்கு வரவும் என்று இருந்தது. ஆச்சியிடம் அவள் இதைச் சொல்லவில்லை. நாங்களும் சொல்லவில்லை.

உறவினர்கள் ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். நிறுவனத்தை மாற்று என்றார் ஒருவர். திட்டத்தை உயர்த்து, 100-க்குப் பதில் 200 போடு என்றார் மற்றொருவர். அந்தப் பையனைக் கூப்பிட்டு நாலு வார்த்தை கேளுங்கள் என்பது பொதுக் கருத்து. நாங்கள் அவனைக் கூப்பிட்டோம்; நாலு வார்த்தையும் கேட்டோம். ஆனால் அவை கேள்விகள். கையடக்கமான ஒரு கருவியை இழையின் முனையில் செருகிப் பார்த்துவிட்டு, "லைன்ல வெளிச்சம் நல்லா இருக்கு சார். மைனஸ் இருபத்தொண்ணு" என்றான்.

வெளிச்சம் என்ற சொல் எங்களுக்குப் பிடித்திருந்தது. உவமையாகச் சொல்லப்பட்டதன்று அது, உண்மையிலேயே வெளிச்சம்தான். கண்ணாடி இழைக்குள் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளி வீட்டுக்கு வருகிறது. வருவது ஓர் அலைநீளம், போவது மற்றோர் அலைநீளம். ஆகவே ஒரே மயிரிழையில் இரண்டு திசைப் போக்குவரத்தும் மோதாமல் நடக்கிறது. வழியில் மின்சாரம் தேவைப்படாத ஒரு பிரிப்பான் அந்த ஒளியைப் பல வீடுகளுக்குப் பங்கிடுகிறது. பங்கிடப் பங்கிட ஒளி மங்கும். மைனஸ் 27 வரை மங்கினாலும் வீட்டிலுள்ள பெட்டி படித்துக்கொள்ளும். மைனஸ் 21 என்பது தாராளம். பையன் மேல் குற்றமில்லை.

"அப்ப கோளாறு எங்கதான்டா இருக்கு?"

அவன் முன்கூடத்துப் பீரோவின் உச்சியைப் பார்த்தான். "சார், நான் சொன்னா கோவிச்சுக்கிடக் கூடாது. அந்தப் பொட்டிக்கு என்ன வயசு இருக்கும்?"

அந்தப் பெட்டிக்கு வயது 2011-இலிருந்து எண்ணவேண்டும். அதற்கும் முன்கதை உண்டு. 2004-இல் நடுவண் அரசு வெளியிட்ட கொள்கையில், வினாடிக்கு 256 கிலோபிட் வந்தாலே அது அகலக்கற்றை என்று வரையறுத்திருந்தார்கள். (அந்த வரையறை 2013-இல் 512 கிலோபிட் ஆயிற்று, 2023 சனவரியில் 2 மெகாபிட்.) எங்கள் வீட்டிற்கு அது 2008-இல், தொலைபேசியின் செம்புக் கம்பி வழியாக வந்தது. பேச்சொலி கம்பியின் தாழ்ந்த அதிர்வெண்களில் போக, மேலேயுள்ள காலி அதிர்வெண்களில் இணையம் வரும். இரண்டையும் பிரிக்க ஒரு சிறு டப்பா. ஒரு புகைப்படம் மேலிருந்து கீழாகப் பட்டை பட்டையாக இறங்குவதைக் காப்பி ஆறும்வரை பார்த்துக்கொண்டிருப்போம். இணையத்தில் வந்த கதைகளையும் கட்டுரைகளையும் முதன்முதலில் அப்படித்தான் வாசித்தோம். எழுத்துக்கு 256 போதும், இன்றைக்கும் போதும்.

2011-இல், எட்டாம் வகுப்பிலிருந்த மகள் நச்சரித்ததால் கோவில்பட்டியில் அருகலைப் பெட்டி ஒன்று வாங்கினோம். ஒற்றைக் கொம்பு. அட்டையில் பெரிதாக 150 என்று அச்சிட்டிருந்தது. பெயர் என்ன வைக்கலாம் என்று கடைக்காரர் கேட்க, கையில் இருந்த தின்பண்டத்தின் பெயரையே அவள் சொன்னாள். அன்றிலிருந்து எங்கள் அருகலையின் பெயர் கருப்பட்டி. 2021-இல் செம்புக் கம்பி போய் இழை வந்தது. இழைக்காரர்கள் கொடுத்தது அருகலை இல்லாத சின்னப் பெட்டி. தொலைபேசி நுழைந்த அதே சன்னல் வழியாக இழையும் நுழைந்து, அதே பீரோவின் உச்சிக்கு ஏறி, அதே கருப்பட்டியோடு சேர்ந்துகொண்டது. பெட்டி வேலை செய்துகொண்டிருந்தது. வேலை செய்வதை யாரும் மாற்றுவதில்லை.

மறுநாள் விடியற்காலை ஐந்து மணிக்கு அளக்கத் தொடங்கினோம். அறிவியல் ஆசிரியர் பழைய பதிவேடு ஒன்றில் கோடு போட்டுக் கட்டம் கட்டினார். முதலில் கருப்பட்டியை ஒதுக்கிவிட்டு, இழைப் பெட்டியிலிருந்து நேராக மகளின் மடிக்கணினிக்குக் கம்பி கொடுத்து, பயனர் பெயரையும் கடவுச்சொல்லையும் கணினியிலேயே இட்டுப் பார்த்தோம். 94 மெகாபிட். வாங்கியது 100, வந்தது 94. யாரும் ஏமாற்றவில்லை. அடுத்து கருப்பட்டியை நடுவில் வைத்து, அதிலிருந்து கம்பி வழியாக அளந்தோம். 61. பிறகு கம்பியை எடுத்துவிட்டு, அதே கூடத்தில் காற்று வழியாக. 18. கடைசியாக மடிக்கணினியை ஆச்சியின் அறைக்குத் தூக்கிச் சென்றோம். 3. அன்று இரவு எட்டு மணிக்கு அதே அறையில் அளந்தபோது ஒன்றுகூடத் தேறவில்லை.

பதிவேட்டில் அந்த ஐந்து எண்களும் ஒன்றன்கீழ் ஒன்றாக நின்றதைப் பார்த்தபோது கண்மாய்தான் நினைவுக்கு வந்தது. கண்மாய் நிறைந்து மறுகால் பாய்ந்தாலும், வயலுக்கு வருவது மடை விடுகிற அளவுதான். 200 திட்டத்திற்கு மாறச் சொன்ன உறவினர் கண்மாயை ஆழப்படுத்தச் சொல்லியிருக்கிறார். மடையோ எங்கள் பீரோவின் உச்சியில் இருந்தது.

94 எப்படி 61 ஆனது? வீட்டிலுள்ள ஒவ்வொரு கருவிக்கும் வரும் பொட்டலங்களைப் பிரித்து, மேலுறையைக் கழற்றி, உள்முகவரி எழுதி அனுப்புவது அந்தப் பெட்டியின் வேலை. சிற்றூர் அஞ்சலகத்தில் ஒற்றை ஆளாகக் கடிதம் பிரிப்பவரைப் போல. அவர் வேலைக்குச் சேர்ந்த ஆண்டு 2011. அன்றைய கடிதக்கட்டுக்கு அவர் மின்னல். இன்று மூட்டை மூட்டையாக வந்து இறங்கினால் அவர் என்ன செய்வார்.

61 எப்படி 18 ஆனது என்பதுதான் சுவையானது. அட்டையில் 150 போட்டிருந்ததே? அந்த 150, வானலையில் இரட்டை அகலப் பாதை கிடைத்தால் மட்டுமே. ஒற்றைப் பாதையில் 72. அதிலும் போகவரப் பேசுவது, கிடைத்தது என்று தலையாட்டுவது எல்லாம் கழிந்தால் பாதி மிஞ்சினால் நல்லது. இதற்குமேல் ஒரு முடிச்சு இருந்தது. பெட்டியின் அமைப்புப் பக்கத்திற்குள் மகள் நுழைந்து பார்த்தபோது, கடவுச்சொல்லைக் காக்கும் முறை டிகேஐபி என்று இருந்தது. 2011-இல், அந்நாளைய பழைய கைப்பேசிகளும் இணைய வேண்டும் என்பதற்காகக் கடைக்காரர் தேர்ந்தது. அந்த முறையில் பூட்டினால், 2009-இல் வந்த 802.11 என் என்னும் தரத்தின் வேகம் எதுவும் கிடைக்காது. பெட்டி 2003-ஆம் ஆண்டின் ஜி தரத்திற்கு, அதாவது 54-க்கு, இறங்கிவிடும். தரத்தை வகுத்தவர்களே இட்ட விதி அது. ஏஇஎஸ் என்ற முறைக்கு மாற்றினோம். 18 என்பது 34 ஆயிற்று. ஒரு பைசா செலவில்லை. வீட்டில் சிறிய ஆரவாரம்.

ஆனால் ஆச்சியின் அறையும் இரவு எட்டு மணியும் அப்படியே இருந்தன.

எட்டு மணியின் மர்மத்தை மகளின் கைப்பேசியில் இருந்த ஒரு செயலி விளக்கியது. சுற்றுவட்டாரத்தில் பேசிக்கொண்டிருந்த அருகலைகளை அது பட்டியலிட்டது, பதினேழு பெயர்கள். 2011-இல் எங்கள் தெருவில் கருப்பட்டி ஒன்றுதான் தனியே பேசிக்கொண்டிருந்தது. 2020-இல் பள்ளிகள் மூடப்பட்டு, பாடம் கைப்பேசிக்குள் வந்தபின் வீட்டுக்கு வீடு இழை இறங்கியது. எல்லாப் பெட்டிகளும் பேசுவது 2.4 கிகாஹெர்ட்ஸ் என்ற ஒரே வெளியில். நம் நாட்டில் 2005 சனவரியில் உரிமம் தேவையில்லை என்று திறந்துவிடப்பட்ட வெளி அது. ஊர்ப் புறம்போக்கு என்று வைத்துக்கொள்ளலாம். புளூடூத்தும் நுண்ணலை அடுப்பும்கூட அங்கேதான் மேய்கின்றன. அந்த வெளியில் ஒன்றோடொன்று இடிக்காத பாதைகள் மூன்றே மூன்று: 1, 6, 11. பதினேழில் பத்து, ஆறாம் பாதையில் நெருக்கியடித்துக்கொண்டிருந்தன.

ஒரே வெளியில் பலர் எப்படிப் பேசுவது என்ற கேள்விக்கு முதல் விடை ஹவாய்த் தீவுகளிலிருந்து வந்தது. 1971-இல் அங்குள்ள பல்கலைக்கழகத்தில் நார்மன் ஆப்ரம்சனும் அவருடைய தோழர்களும் தீவுகளுக்கிடையே கணினிகளை வானொலியால் இணைத்தார்கள். அதற்கு அலோகாநெட் என்று பெயர். பேச வேண்டுமானால் பேசு. பதில் வராவிட்டால் யாரோடோ மோதிவிட்டாய் என்று பொருள். மனம்போன அளவு காத்திருந்து மறுபடி பேசு. இதுவே விதி. அருகலை இதை இன்னும் நாகரிகப்படுத்திக்கொண்டது: முதலில் காது கொடுத்துக் கேள், யாரும் பேசவில்லையென்றால் சற்றுப் பொறுத்துப் பேசு. ஆக, ஒரு நேரத்தில் ஒரு குரல்தான். மெதுவாகப் பேசுபவர் ஒருவர் இருந்தால் மற்றவர்களும் காத்திருக்கத்தான் வேண்டும். கல்யாணப் பந்தியில் ஒரே ஒருவர் மட்டும் பாயசத்தை நிதானமாக உண்டுகொண்டிருக்க, அடுத்த பந்திக்காரர்கள் நாற்காலிக்குப் பின்னால் நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். எங்கள் வீட்டுப் பந்தியில் அந்தப் பெரியவர், அடுக்களையில் சமையல் குறிப்புக் காட்டும் பழைய கைப்பேசி. இரண்டு சுவர் தாண்டி இருப்பதால் அது மிகத் தணிந்த வேகத்தில்தான் பேச இயலும். அது ஒரு காணொளியைக் கேட்டுவிட்டால் பேத்தியின் கூட்டம் காத்திருக்கும்.

பாதையை ஆறிலிருந்து பதினொன்றுக்கு மாற்றினோம். பெட்டியைப் பீரோவின் உச்சியிலிருந்து இறக்கினோம். இரும்புப் பீரோ அலைகளுக்கு ஒரு மதில். எங்கள் வீடோ பாட்டனார் கட்டியது. கல்லும் சுண்ணாம்பும், முழங்கை அளவு கனமுள்ள சுவர். வெயிலுக்கு அரணாக எழுப்பப்பட்ட அச்சுவர் வானலைக்கும் அரணாகவே நின்றது. பெட்டியை நடுக்கூடத்தின் நிலைப்படிக்கு மேல் மாட்டியபின் ஆச்சியின் அறையில் 9 வந்தது. காலையில்.

மாலையில் புதிதாக ஒன்றைக் கவனித்தோம். பெட்டி தானே அணைந்து தானே உயிர்பெற்றது. ஒரு மணி நேரத்தில் இரண்டு முறை. தொட்டால் சுட்டது. திருகாணி கழற்றித் திறந்தபோது, உள்ளே ஒரு மின்தேக்கியின் தட்டையான தலை பணியாரம்போல உப்பியிருந்தது. இவ்வகை மின்தேக்கிகளில் ஈரமான வேதிப்பொருள் உண்டு; சூட்டில் மெல்ல உலரும். பத்து டிகிரி சூடு ஏறினால் ஆயுள் ஏறத்தாழப் பாதி என்பது மின்னணுவியலில் ஒரு நாட்டுக்கணக்கு. கரிசல் கோடையில், பீரோவின் உச்சியில், இரவும் பகலும் அணைக்கப்படாமல் பத்து ஆண்டுகளுக்கு மேல் உழைத்த பொருளுக்கு அது இழுக்கல்ல. மின்தேக்கியை மட்டும் மாற்றலாம் என்றார் அறிவியல் ஆசிரியர். பற்றவைப்புக் கோல்கூட எடுத்துவிட்டார். இதற்கு நிரல் புதுப்பிப்பு வந்தே பல ஆண்டுகள் ஆகின்றன அப்பா, ஓட்டையை யாரும் அடைக்கமாட்டார்கள், அலுவலக வேலையை இதில் வைத்துச் செய்யக்கூடாது என்றாள் மகள். கோல் கீழே வைக்கப்பட்டது. மாத இறுதிக்கு ஒன்பது நாள் இருந்தது.

கோவில்பட்டிக் கடையில் எட்டுக் கொம்பு வைத்த கரிய பெட்டி ஒன்றைக் காட்டினார்கள். விளையாட்டுப் பிள்ளைகளுக்கானதாம், விலையும் அதற்கேற்ப. கொம்பு எண்ணி மாடு வாங்கும் வழக்கம் எங்களிடம் இல்லை. நாங்கள் கேட்டவை மூன்றே: 2.4 உடன் 5 கிகாஹெர்ட்ஸ் வெளியிலும் பேசவேண்டும். கம்பித் துளைகள் 100-இல் நின்றுவிடாமல் 1,000 வரை தாங்கவேண்டும். இன்னும் புதுப்பிப்பு வந்துகொண்டிருக்கும் வகையாக இருக்கவேண்டும். 2,000 ரூபாய்க்குள் முடிந்தது. 5 கிகாஹெர்ட்ஸ் வெளியில் எங்கள் தெருவில் இன்னும் கூட்டமில்லை. கூடத்தில் 90 வந்தது. ஆனால் அந்த அலைக்குச் சுவரென்றால் ஆகாது. பாட்டனாரின் சுவரைத் தாண்டியதும் அது 12-க்குச் சோர்ந்தது. ஆகவே 15 மீட்டர் கம்பி வாங்கி, உத்தரத்தை ஒட்டி இழுத்து, காற்றுக்கு விட்டிருந்த மேல் துளை வழியாக ஆச்சியின் அறைக்குள் இறக்கினோம். கம்பியில்லாப் பெட்டி வாங்கப் போய்க் கம்பியோடு வந்த கதை என்று தெருவில் சிரித்தார்கள். மேசையில் 93. இரவு எட்டு மணிக்கும் 93.

அளவெடுத்த படங்களோடு மகள் அலுவலகத்திற்கு எழுதினாள். இரண்டு நாள் கழித்து ஒற்றை வரியில் விடை வந்தது: மூன்று மாதம் தொடரலாம், பிறகு மறுபடி பார்ப்போம். ஆச்சி அதற்குள் கைத்தாங்கலாக நடந்துவிடுவார் என்று மருத்துவர் சொல்லியிருக்கிறார். "இவ யாருகூடத்தான் இப்படி ராவெல்லாம் இங்கிலீசு பேசுதா" என்பது மட்டுமே ஆச்சியின் குறை.

புதுப் பெட்டி முதலில் பெயர் கேட்டது. கருப்பட்டி என்றே இட்டோம், கடவுச்சொல்லும் பழையதே. மஸ்கட்டில் இருக்கும் சின்ன மகன் மாலைதோறும் ஆச்சியின் கைப்பேசியில் முகம் காட்டுவான். அந்தக் கைப்பேசிக்குத் தெரிந்த அருகலை இது ஒன்றுதான். பெயர் மாறாததால் பெட்டி மாறியது அதற்குத் தெரியவில்லை. அது பாட்டுக்கு இணைந்துகொண்டது.

பழைய பெட்டியை, உள்ளிருந்த விவரங்களை அழித்துவிட்டு, பழைய இரும்புக்குப் பேரீச்சம்பழம் விற்பவரிடம் நீட்டினோம். கையில் வாங்கி எடை பார்த்து, பிளாஸ்டிக் என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். இப்போது பரணில், 2008-இன் செம்புக் கம்பிப் பெட்டிக்குப் பக்கத்தில் இருக்கிறது. மின்கழிவு வாங்கும் இடம் எங்கே என்று கோவில்பட்டியில் விசாரித்துக்கொண்டிருக்கிறோம்.

சென்ற வாரம் பக்கத்து வீட்டுப் பையன் வந்து நின்றான். பன்னிரண்டாம் வகுப்பு. "டீச்சர், உங்க கருப்பட்டி முன்னெல்லாம் எங்க திண்ணை வரைக்கும்தான் தெரியும். இப்ப மாடியிலயும் தெரியுது" என்றான். அதற்குமேல் அவன் கேட்கவில்லை. கேட்க வேண்டியதும் இல்லை. புதுப் பெட்டியில் விருந்தினருக்கென்று தனியாக ஓர் அருகலையைத் திறந்துவிடும் வசதி உண்டு. வீட்டுக் கருவிகளோடு அது கலக்காது. பொதுத்தேர்வு முடியும்வரை என்ற நிபந்தனையோடு அதைத் திறந்து கொடுத்தோம். மகள் அதற்குச் சில்லுக்கருப்பட்டி என்று பெயர் வைத்தாள்.